மாக் மீட்டர் தவறாகக் காட்டினால்: அறிகுறியைப் பிடித்துப் பழுதைத் தேடும் முறை

ஹேங்கருக்கு வரும் லாக் புக்கில் "மாக் தவறாகக் காட்டுகிறது" என்று ஒற்றை வரி எழுதியிருக்கும். அதைப் படித்ததுமே ஸ்குரூ டிரைவரோடு காக்பிட்டுக்கு ஏறி மீட்டரைக் கழற்றுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கழற்றிய மீட்டர் பட்டறைக்குப் போய், சோதித்துப் பார்த்ததில் பழுது ஏதும் இல்லை என்ற சீட்டோடு திரும்பி வரும். அதற்குள் அந்த விமானம் அதே கோளாறோடு சில முறை பறந்திருக்கும். அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

மாக் மீட்டருக்கு வேலை ஒன்றே ஒன்றுதான். மூக்கருகே முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் பிட்டோட் குழாயில் மோதும் காற்றின் அழுத்தம் ஒன்று. உடலின் பக்கவாட்டில் உள்ள ஸ்டாட்டிக் துளையில் கிடைக்கும் சுற்றுக்காற்றின் அழுத்தம் இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஸ்டாட்டிக் அழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பதை வைத்தே ஒலி வேகத்தில் எத்தனை பங்கு என்று சொல்லிவிடலாம். வெப்பநிலை இதில் தேவையே இல்லை. பழைய மீட்டரில் இந்த வகுத்தலை இரண்டு உலோகக் கேப்சூல்கள் செய்கின்றன; புதிய விமானத்தில் ஏர் டேட்டா கம்ப்யூட்டர் செய்கிறது. வருகிற அழுத்தம் தப்பு என்றால் மீட்டர் என்ன செய்யும்? ஆகவே தேடல் வெளித்துளையில் தொடங்கி, குழாய், இணைப்பு, வடிகால் என்று உள்ளே வந்து, கடைசியில்தான் பெட்டியைத் தொட வேண்டும். செலவும் அதே வரிசையில்தான் ஏறுகிறது.

கீழே சொல்வது தேடும் வரிசை மட்டுமே. அளவு, வரம்பு, நட்டை இறுக்கும் முறுக்குவிசை எல்லாம் உங்கள் விமானத்தின் பராமரிப்புக் கையேட்டில் உள்ளபடிதான்.

எந்த அறிகுறிக்கும் முன்னால் ஒரு கணக்கு

விமானி குறித்துவைத்த உயரம், நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) வேகம், மாக் எண் மூன்றையும் ஒரே நேரத்துக்கு உரியதாகக் கேட்டு வாங்குங்கள். ஆல்டிமீட்டர் (உயரமானி) 1013.25 ஹெக்டோபாஸ்கலில் வைத்த நிலையில் 35,000 அடி, திருத்திய வேகம் 272 நாட் என்றால் மாக் 0.80 ஆகத்தான் இருக்க முடியும். உள்ளூர் அழுத்தத்தில் வைத்த ஆல்டிமீட்டரை வைத்துக் கணக்குப் போட்டால் இல்லாத பழுது இருப்பதுபோல் தெரியும். மாக் மீட்டருக்கு ஆல்டிமீட்டரின் அந்த அழுத்தக் குமிழோடு சம்பந்தமே இல்லை.

பழைய தனித்தனி மீட்டர்கள் உள்ள விமானத்தில் இந்தக் கணக்கு பொருந்தவில்லை என்றால், மூன்றில் ஏதோ ஒரு மீட்டர்தான் குற்றவாளி. கீழே உள்ள கடைசி அறிகுறிக்குப் போங்கள். கணக்கு பொருந்தியும் மறுபக்கத்தோடு, அதாவது மற்ற விமானியின் மீட்டர்களோடு, ஒத்துப்போகவில்லை என்றால் மூன்றும் சேர்ந்து ஏமாந்திருக்கின்றன. குழாயிலோ துளையிலோ தேட வேண்டும். கம்ப்யூட்டர் உள்ள விமானத்தில் மூன்று எண்ணும் ஒரே இடத்திலிருந்து வருவதால் தங்களுக்குள் எப்போதும் ஒத்துப்போகும். அங்கே இடது பக்கத்தை வலது பக்கத்தோடும் ஸ்டாண்ட்பை (மாற்றாக வைத்திருக்கும்) மீட்டரோடும் ஒப்பிடுவது ஒன்றே வழி.

## அறிகுறி: ஓடுபாதையில் வேகமே எழவில்லை

பல விமானங்களில் மாக் எண் சுமார் 0.4, 0.5 தாண்டிய பிறகுதான் திரைக்கு வரும். அதனால் இந்தப் பழுது முதலில் நாட் வேகத்தில்தான் தெரியும். ஓட்டம் தொடங்கியும் ஒரு பக்கம் பூஜ்யத்திலேயே நின்றால் விமானி நிறுத்திவிட்டுத் திரும்பி வருவார்.

பிட்டோட் உறை. முதலில் இதைப் பாருங்கள். பார்க்காமலே "கழற்றியாச்சு" என்று சொல்லும் குரலை நம்பாதீர்கள். 2018 ஜூலை 18 அன்று ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஒரு ஏர்பஸ் ஏ330 விமானம் மூன்று பிட்டோட் குழாய்களிலும் உறையோடு இரவில் கிளம்பியது. வேகம் காட்ட ஒன்றுகூட இல்லாமல் பறந்து, நல்லபடியாகத் தரையிறங்கியது. உறையின் சிவப்பு ரிப்பன்களை எண்ணிப் பையில் போடுவது ஒரு வேலை. அண்ணாந்து டார்ச் அடித்துக் குழாயின் வாயைப் பார்ப்பது வேறு வேலை. இரண்டும் வேண்டும்.

குளவிக்கூடு. பிரிஸ்பேனில் உறை போடும் பழக்கத்துக்குக் காரணமே குளவிதான். 2013 நவம்பரில் அங்கே இறங்கிய இன்னொரு ஏ330, சில மணி நேரமே தரையில் நின்றது. கிளம்பும்போது கேப்டன் பக்க வேகம் வராமல் ஓட்டத்தை நிறுத்தினார்கள். பார்த்துச் சரிசெய்ததாக எண்ணி மறுபடி கிளம்பியபோதும் அதே கதை. திரும்பி வந்து இறங்கிய பிறகுதான் கேப்டன் பக்கப் பிட்டோட் குழாய்க்குள் மண் இருப்பது தெரிந்தது. நம் ஊர் மண்குளவி ஜன்னல் ஓட்டையிலும் மின் பிளக்கின் துளையிலும் கூடு கட்டும் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

நான் கழற்றிப் பார்த்த ஒரு குழாயில் வெளிவாய் பளிச்சென்று இருந்தது. டார்ச்சை நேராக அடித்தபோதும் ஒன்றும் தெரியவில்லை. விளக்கைச் சற்றுச் சாய்த்ததும் உள்ளே, விரல்நுனி தொட முடியாத தூரத்தில், காய்ந்த சாந்து பூசியதுபோல் ஒரு பழுப்பு மூடி. தட்டியதும் மண்ணோடு ஒரு பச்சைப் புழு விழுந்தது. குஞ்சுக்கு உணவாகக் குளவி அடைத்து வைத்தது. இப்படிக் கண்டால் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். மண் உள்ளே இறங்கி வளைவில் போய் உட்காரும். குழாயைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

கழன்ற இணைப்பு. பேனலுக்குப் பின்னால் வேலை நடந்த மறுநாள் வரும் புகாருக்கு இதுவே முதல் சந்தேகம். கையால் இழுத்துப் பாருங்கள்.

இவை மூன்றும் சரி என்றால் லீக் டெஸ்ட் (கசிவுச் சோதனை). அதற்கு ஏர் டேட்டா சோதனைக் கருவியும் அதை இயக்கத் தெரிந்தவரும் தேவை. பயிற்சியில் இருப்பவர் தனியாகச் செய்கிற வேலை அல்ல அது.

## அறிகுறி: உயரத்தில் திடீரென்று விழுந்து, சிறிது நேரத்தில் திரும்பி வந்தது

மேகத்துக்குள் போனபோது நடந்ததா என்று கேளுங்கள். ஆம் என்றால் குழாயின் வாயைப் பனி அடைத்திருக்கிறது. வாய் அடைபட்டு வடிகால் துளை திறந்திருந்தால் உள்ளே இருந்த அழுத்தம் வடிந்து, முள் பூஜ்யத்தை நோக்கி விழும்.

2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் மீது ஏர் பிரான்ஸ் 447 இழந்தது இந்த அளவீட்டைத்தான். பனிப்படிகங்கள் பிட்டோட் குழாய்களை அடைத்தன. அளவீடு ஒரு நிமிடத்துக்குள் திரும்பி வந்துவிட்டது, விமானம் திரும்பவில்லை. 228 பேர் இறந்தார்கள். "தானாகவே சரியாகிவிட்டது" என்று லாக் புக்கில் எழுதியிருந்தால் அந்த வரியைக் கடந்து போக எனக்கு மனம் வருவதில்லை.

வரிசை இது: ஹீட்டர் சுவிட்ச் போட்டிருந்ததா, சர்க்யூட் பிரேக்கர் குதித்திருக்கிறதா, ஹீட்டர் மின்சாரம் இழுக்கிறதா. கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் பாருங்கள். குழாயைத் தொட்டுப் பார்த்துச் சூட்டை அறிவது சோதனை அல்ல, தீக்காயம்தான் மிஞ்சும். உறை போட்டபடி ஹீட்டரைப் போட்டால் உறை உருகிக் குழாயோடு ஒட்டிக்கொள்ளும்.

மின்சாரம் இழுக்கவில்லை என்றால் ரிலே, ஒயர், கனெக்டர், கடைசியாகக் குழாய். இழுக்கிறது ஆனால் குறைவாக என்றால், குளிர்ந்த நிலையில் ஹீட்டரின் ரெசிஸ்டன்ஸையும் இன்சுலேஷனையும் அளந்து கையேட்டோடு ஒப்பிடுங்கள். ஈரம் புகுந்த பழைய குழாயில் இன்சுலேஷன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். பிரேக்கர் குதிக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

ஹீட்டர் முழுக்கச் சரியாக இருந்தும் உயரமான இடிமேகத்தருகே இப்படி நடந்தால், அந்தக் குழாயின் வடிவமே அந்தப் பனிக்கு ஈடுகொடுக்கவில்லை என்று பொருள். ஹேங்கரில் தீர்க்க முடியாத விஷயம். உற்பத்தியாளரின் அறிவிப்புகளைப் பார்த்துக் குழாயின் பாக எண்ணைச் சரிபார்க்கும்படி பொறியியல் பிரிவிடம் கொடுத்துவிடுங்கள்.

## அறிகுறி: ஏறும்போது கூடுகிறது, இறங்கும்போது குறைகிறது

உந்துவிசையும் மூக்கின் கோணமும் மாறாமல் இருந்தும், ஏற ஏற வேகமும் மாக்கும் கூடிக்கொண்டே போகின்றன என்றால் பிட்டோட் வாயும் வடிகால் துளையும் இரண்டுமே அடைத்திருக்கின்றன. குழாய்க்குள் பழைய அழுத்தம் சிறைப்பட்டுக் கிடக்கிறது. வெளியே ஸ்டாட்டிக் அழுத்தம் குறையக் குறைய, மீட்டர் அதை வேகம் என்று நினைக்கிறது.

இது மிக ஆபத்தானது, ஏனென்றால் பார்ப்பவரை மூக்கைத் தூக்கச் சொல்கிறது. 1974 டிசம்பர் 1 அன்று நியூயார்க் மாநிலத்தில் ஒரு போயிங் 727, பிட்டோட் ஹீட்டர் போடாமல் பனி அடைத்து, இப்படியே வேகம் கூடுவதாக நம்பி மூக்கைத் தூக்கி, இறக்கை தூக்குவிசையை இழந்து (ஸ்டால் ஆகி) விழுந்தது. 1996 பிப்ரவரி 6 அன்று டொமினிகன் குடியரசின் புவேர்த்தோ பிளாட்டாவிலிருந்து கிளம்பிய போயிங் 757 விழுந்து 189 பேர் இறந்தார்கள். கேப்டன் பக்கப் பிட்டோட் அடைத்திருந்தது, பெரும்பாலும் குளவிக்கூடு என்பது விசாரணையின் முடிவு. அந்த விமானம் பல நாள் நின்றிருந்தது.

தேடல்: வாய், வடிகால் துளை, உள்ளே மண்ணோ மெழுகோ பெயிண்டோ. வடிகால் துளையைத் துடைக்கக் கையேடு சொல்லும் விட்டத்தில் உள்ள ஊசி மட்டும். துளை கொஞ்சம் பெரிதானாலும் குழாய் கெட்டது. புதிது போட வேண்டியதுதான்.

குழாய்ப்பாதையை ஊதிச் சுத்தம் செய்யும்போது மீட்டர், கம்ப்யூட்டர், ஏர் டேட்டா மாட்யூல் எல்லாவற்றையும் முதலில் பிரித்துவிடுங்கள். பிறகு உள்ளிருந்து வெளிப்பக்கமாக, உலர்ந்த நைட்ரஜனாலோ காற்றாலோ. வெளியே நின்று குழாயின் வாய் வழியாக ஊதினால் அழுக்கு உள்ளே போகும். மீட்டரை இணைத்தபடி ஊதினால் கேப்சூல் கிழியும்.

## அறிகுறி: ஏறும்போது குறைகிறது, இறங்கும்போது கூடுகிறது, ஆல்டிமீட்டர் அசையவில்லை

ஸ்டாட்டிக் துளை அடைத்திருக்கிறது. வேறு எதையும் தேடாதீர்கள், வெளியே போய் உடலைப் பாருங்கள்.

கழுவும்போதும் பெயிண்ட் அடிக்கும்போதும் துளைக்குள் நீர் போகாமல் டேப் ஒட்டுவார்கள். 1996 அக்டோபர் 2 அன்று லிமாவிலிருந்து கிளம்பிய ஏரோபெரு 603 விமானத்தில் அந்த டேப்பை எடுக்கவில்லை. இரவில், கடல்மேல், எந்த எண் உண்மை என்று தெரியாமல் விமானிகள் கட்டுப்பாட்டு மையத்திடம் உயரம் கேட்டார்கள். மையம் சொன்ன உயரமும் அதே விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் (உயரத்தை ரேடியோவில் தானாக அனுப்பும் கருவி) அனுப்பியது. அடைபட்ட அதே துளைகளிலிருந்து வந்தது. 70 பேரும் இறந்தார்கள். ஒட்டுகிற டேப் உடலின் நிறத்தில் இருக்கவே கூடாது. அதோடு ஒரு சிவப்புத் துணி தொங்க வேண்டும், ஒட்டியதும் வேலைச் சீட்டில் ஒரு வரி ஏற வேண்டும், எடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டும்.

இடது வலது துளைகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் அடைத்தால் நேராகப் பறக்கும்போது ஏறக்குறையச் சரியாகவே காட்டும். பக்கக்காற்றில் மூக்கு திரும்பும்போது மட்டும் எண் நகரும். விமானி "ரடர் (மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் வால் சுக்கான்) மிதித்தால் ஆடுகிறது" என்று எழுதியிருந்தால் இதைத்தான் சொல்கிறார்.

## அறிகுறி: இடது வலது இரண்டும் நிலையாக வேறுபடுகின்றன

மிக அதிகம் வரும் புகார் இது. நேரம் அதிகம் தின்பதும் இதுதான். ஒரு பக்கம் 0.80, மறுபக்கம் 0.78, விழவில்லை, ஆடவில்லை, நகரவும் இல்லை.

முதலில் எந்தப் பக்கம் தப்பு என்று முடிவுசெய்யுங்கள். ஸ்டாண்ட்பை எதனோடு ஒத்துப்போகிறது? ஸ்டாண்ட்பைக்குத் தனிக் குழாய் உள்ள விமானமா, அல்லது ஒரு பக்கத்தோடு பங்கு போடுகிறதா என்பதை வரைபடத்தில் பார்த்துவிட்டு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். பங்கு போடும் விமானத்தில் இரண்டு பொய்கள் ஒத்துப்போய் உங்களை ஏமாற்றும்.

அடுத்து, தப்பான பக்கத்தின் ஆல்டிமீட்டர்.

ஆல்டிமீட்டரும் குறைவாக, மாக்கும் குறைவாக: கேபினுக்குள் ஸ்டாட்டிக் லீக். 35,000 அடியில் வெளியழுத்தம் சுமார் 238 ஹெக்டோபாஸ்கல். கேபினுக்குள் 8,000 அடிக்கு உரிய 750 இருக்கும். சிறு இடைவெளி கிடைத்தாலும் கேபின் காற்று ஸ்டாட்டிக் குழாய்க்குள் புகுந்துவிடும்.

ஆல்டிமீட்டர் சரி, மாக் அதிகம்: கேபினுக்குள் பிட்டோட் லீக். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பிட்டோட் கசிந்தால் குறைவாகக் காட்டும் என்று படித்திருப்போம். தரையிலும் அழுத்தமில்லாத சிறு விமானத்திலும் அது உண்மை. 35,000 அடியில் மாக் 0.80-க்குப் பிட்டோட் அழுத்தமே 363 ஹெக்டோபாஸ்கல்தான்; கேபின் அதைவிட இரண்டு மடங்கு. கசிவு உள்நோக்கித்தான் நடக்கும், முள் மேலே போகும்.

இரண்டும் சிறிதளவு தவறு, லீக் டெஸ்ட்டில் தேறிவிட்டது: ஸ்டாட்டிக் துளையைச் சுற்றியுள்ள தகடு. உள்ளங்கையை மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். ஏணி இடித்த சிறு குழி, தடித்த பெயிண்ட் விளிம்பு, உயர்ந்து நிற்கும் ரிவெட் எதுவானாலும் அங்கே ஓடும் காற்றை மாற்றும். 29,000 முதல் 41,000 அடி வரை விமானங்கள் 1,000 அடி இடைவெளியில் பறக்கும் வான்பகுதிக்கு அனுமதி பெற்ற விமானங்களில் இந்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டுக்குள் குழி கண்டால் நீங்கள் நிமிர்த்தக் கூடாது. கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடும் இடம் இது.

லீக் என்று தெரிந்தால் பாதையைப் பாதி பாதியாக மூடித் தேடுங்கள். ஒரு முறை இரண்டு நாள் தேடினோம். நட்டுகள் எல்லாம் இறுக்கம், ஹோஸ் புதிது. கடைசியில் பேனலுக்குப் பின்னால் ஒரு க்விக் டிஸ்கனெக்டை (சட்டென்று கழற்றும் இணைப்பு) கழற்றி, அதன் ஓ-ரிங்கை (ரப்பர் வளையம்) விரல்களுக்கு நடுவே உருட்டினேன். கண்ணுக்குத் தெரியவில்லை, நகத்தில் தட்டுப்பட்டது. நகவெட்டு அளவு ஒரு கீறல், மாட்டும்போது விளிம்பில் பட்டு வெட்டியது. ஓ-ரிங்கின் விலை ஒரு டீயின் விலைகூட இருக்காது. அதற்கு முன்பு கம்ப்யூட்டரை மாற்றியிருந்தார்கள்.

சோதனைக் கருவியை இணைத்திருக்கும்போது ஒரு விதி: ஸ்டாட்டிக்கை இழுக்கும் எந்தக் கணத்திலும் பிட்டோட் அழுத்தம் ஸ்டாட்டிக்கைவிடக் குறையக் கூடாது. குறைந்தால் மீட்டர் பின்னோக்கி வளைந்து கெடும். கழற்றும் முன் இரண்டும் தரை அழுத்தத்துக்குத் திரும்பிவிட்டனவா என்று பாருங்கள்.

## அறிகுறி: மழைக்குப் பின் முள் நடுங்குகிறது, அல்லது நீர் உறையும் உயரத்துக்கு மேலே போனதும் ஒட்டிக்கொள்கிறது

குழாயில் நீர். தாழ்ந்த வளைவில் உள்ள வடிகால் மூடியைத் திறந்தால் சில சொட்டு விழும். ஒரு சொட்டு போதும். மேலே போய் உறைந்ததும் அது அடைப்பு. வடித்து, ஊதி, மூடியின் ஓ-ரிங்கை மாற்றி, லீக் டெஸ்ட் செய்யுங்கள். அடுத்த மழைக்கும் அதே புகார் வந்தால் ஏதோ ஒரு குழாய் தவறாகத் தொங்கி, வரைபடத்தில் இல்லாத புதிய பள்ளம் உண்டாகியிருக்கிறது. கிளாம்ப்புகளைப் பாருங்கள்.

## அறிகுறி: மாக் சரி, உண்மை வேகமும் வெளிவெப்பநிலையும் தவறு

பிட்டோட் பக்கம் போகவே வேண்டாம். வெப்பநிலை உணரியைப் பாருங்கள். மாக் 0.80-ல், வெளியே மைனஸ் 54 டிகிரி என்றால் உணரியில் மோதி நின்ற காற்று மைனஸ் 26 அளவில் இருக்கும். இந்த வித்தியாசத்தைப் பழுது என்று எழுதியவர்களும் உண்டு. உண்மையிலேயே தவறு என்றால் வாயில் அடைப்பு, கனெக்டரில் துரு, பிறகு உணரி.

## அறிகுறி: நாட் வேகமும் உயரமும் சரி, மாக் மட்டும் தவறு

மேலே சொன்ன கணக்கு பொருந்தாத நிலை. தனி மீட்டர் என்றால் உள்ளே நெம்புகோலோ கேப்சூலோ தேய்ந்திருக்கிறது. இங்கேதான், இங்கே மட்டும்தான், மீட்டரைக் கழற்றுகிறோம். அங்கீகாரம் பெற்ற பட்டறைக்கு அனுப்புங்கள். மீட்டர் பெட்டியின் முத்திரையை உடைத்துப் பார்க்க வேண்டாம். கூடவே எந்த உயரத்தில் எவ்வளவு என்று எழுதி அனுப்பினால் பட்டறை அந்தப் புள்ளியிலேயே சோதிக்கும். "தவறாகக் காட்டுகிறது" என்று மட்டும் எழுதினால் தரையில் இரண்டு புள்ளி பார்த்துத் திருப்பி அனுப்பிவிடும்.

## பழுதாகத் தெரிந்தும் பழுதல்லாதது

ஒலி வேகத்தைத் தாண்டும் போர் விமானங்களில், 1.0-ஐ நெருங்கும்போது மாக் எண்ணும் உயரமும் ஒரு கணம் தடுமாறித் தாவும். அதிர்ச்சி அலை ஸ்டாட்டிக் துளையைக் கடந்து பின்னால் போகும் கணம் அது. 1947 அக்டோபர் 14 அன்று கலிபோர்னியாவின் மியூராக் மேல் விமானி சக் யேகர் எக்ஸ்-1 ராக்கெட் விமானத்தில் ஒலி வேகத்தைத் தாண்டியபோதும், முள் 0.98 அருகே சற்றுத் தடுமாறி, 1.0 வரை மட்டுமே எழுதியிருந்த அளவுகோலைத் தாண்டிப் போனது. பின்னர் கணித்த எண் 1.06.

ஆகவே "0.98-ல் தாவியது" என்ற புகார் வந்தால் மறு கேள்வி கேளுங்கள்: தாண்டிய பிறகு நிலைத்து நின்றதா? திரும்பி வரும்போது அதே இடத்தில் மறுபடி தாவியதா? இரண்டுக்கும் ஆம் என்றால் எதையும் கழற்றாதீர்கள். தாண்டிய பிறகும் முள் அலைந்தது என்றால் வெளித்துளையிலிருந்து தொடங்குங்கள்.